தகவலாளர் 14

கலாநிதி யசோதரை மயில்வாகனத்தின் முதல் புத்தகத்தில்
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் நான் இருக்கிறேன்.
பெயரில்லை. தகவலாளர் 14. ஆண். பாண் தொழிற்சாலை, இரவு வேலை.
எனக்கு முன்னால் பதின்மூன்று பேர்
என்னத்தைச் சொல்லிவைத்தார்களோ.

அவர் முதன்முதல் வந்தது ஒரு மாசி மாதம்.
ஸ்காபரோவில் பள்ளிக்கூட மண்டபத்தை
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து,
நிலக்கீழ் அறைக்கு ஆள் பிடிக்கும் வீட்டுக்காரரின் கதையை
சிரிப்பு நாடகமாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.
கடைசி வரிசையில், குளிர்கோட்டைக் கழற்றாமல்,
மடியில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பெண்.
வருமான வரிக்காரி என்றான் ஒருவன்.
பக்கத்தில் ஆரோ மிக்சர் பையை உடைத்தபோது
திரும்பி முறைக்கவில்லை, நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

சனம் எங்கே சிரிக்கிறது, எங்கே செருமுகிறது,
எந்தக் கட்டத்தில் அப்பாமார் சிகரெட் பத்த எழும்புகிறார்கள்,
இடைவேளையில் எத்தனை ரோல்ஸ் விற்றது,
எல்லாம் அவருடைய கொப்பியில் ஏறியது.
"மேடையைப் பாக்க மாட்டியளோ, ரீச்சர்?"
"அதை நீங்கள் பாத்துக்கொள்ளுவியள்தானே."

இது நாடகமா, சமூகசேவையா என்று
பல்கலைக்கழகத்தில் மூன்று முறை கேட்டார்களாம்.
மூன்று முறையும் பதவி உயர்வு தள்ளிப்போயிற்று.
அந்த வருஷங்களில்தான் அவர்
எங்கள் கலியாண வீடியோக்களுக்குள் இறங்கினார்.
பூப்புனித நீராட்டுக்கு வாடகையில் வந்திறங்கிய
ஹெலிகொப்ரருக்கும் ஒரு கட்டுரை.
பிறகு காற்று மாறி, அதே ஆட்கள்
அவரை பெர்லினுக்கு அனுப்பினார்கள், மெல்பேணுக்கு அனுப்பினார்கள்.
வேலை முடிந்து மார்க்கம் ரோட்டு பஸ்ஸில் தூங்கி விழும்போது
போனில் ஒரு படம் வரும்.
வெள்ளைக்காரர் நிறைந்த மண்டபம். பேசும் அவருக்குப் பின்னால்
பெரிய திரையில், ஒட்டுமீசை பாதி கழன்று, நான்.

அந்த அடிக்குறிப்பு
என் மௌனத்தைப் பற்றியது.
மூன்றாம் காட்சி. வீட்டுக்காரர் ஊருக்கு போன் எடுக்கிறார்.
பதினொரு விநாடி நான் பேசவில்லை.
அதற்கு அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்:
சிரிப்பின் நடுவே திட்டமிட்டுத் திறந்த இடைவெளி,
புலம்பெயர் மேடையின் புதிய இலக்கணம், இப்படியெல்லாம்.
மகள் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல
எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.
வசனம் மறந்து நின்றேன் என்றுதான்
எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்.

போன கிழமை அவருக்கு ஓய்வு.
அறையை ஒழிக்க என் வானைக் கேட்டார்.
நாற்பத்தேழு பெட்டி. ஏற்றுகிற அவசரத்தில்
ஒரு கசெற்றை எடுத்துப் போட்டார்.
இருமல். கதிரை இழுபடும் சத்தம். ஆரோ ஒரு குழந்தை.
பிறகு திரைக்குப் பின்னாலிருந்து
வசனம் எடுத்துக்கொடுக்கும் செபமாலையின் குரல், தெளிவாக:
"எல்லாரும் சுகம், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."
இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக:
"எல்லாரும் சுகம்."

"கடைசி வரிசைக்கே கேட்டிருக்கு," என்றார்.
"புத்தகம் அச்சுக்குப் போனாப் பிறகுதான் கவனிச்சன்.
அதுக்குப் பிறகும் பெர்லினில போய் அதையேதான் சொன்னன்."
மற்றதை அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் என்னத்தைச் சொல்ல.
அன்று பின்னேரம் எனக்கு வந்த போனைப் பற்றி
செபமாலைக்குக்கூட நான் வாய் திறக்கவில்லை.
மீசை ஒட்டியாயிற்று, ரிக்கெற் விற்றாயிற்று.

நாடா ஓடியது. பதினொன்று முடிய
என் குரல் வேறு ஏதோ சொல்ல, மண்டபம் குலுங்கிச் சிரித்தது.
அவர் பழக்கதோஷத்தில் மணிக்கூட்டைப் பார்த்தார்.
கசெற்றை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த இலக்கத்தில்
பேனை முனையை வைத்துக்கொண்டு
"இனியாவது பேரைப் போடட்டோ?" என்றார்.

"பதினாலே இருக்கட்டும், ரீச்சர்.
அந்தப் பெட்டியைத் தாங்கோ.
பார்க்கிங் காசு ஓடுது."